வைக்கோல் லாரியில் வந்த குட்டநாட்டு வள்ளம்

அத்தான் ஊர்க்குளத்து மீன்பாசி ஏலத்தை, அதாவது குளத்தில் மீன் பிடிக்கிற குத்தகையை, எடுத்த அன்றைக்கே தெரியும், வள்ளம் தேடி அலையும் வேலை என் தலையில்தான் விடியும் என்று. எங்கள் சேரன்மகாதேவிப் பக்கம் குளத்தில் வலை போடுகிறவர்கள் லாரி டியூபிலோ, தெர்மாகோலைச் சாக்கில் சுற்றிக் கட்டிய மிதவையிலோதான் உட்கார்ந்து போவார்கள். சின்னக் குளத்துக்கு அது போதும். பெரிய குளத்தில் நடுவில் காற்று எழும்பிவிட்டால் டியூபை வைத்துக்கொண்டு கரைக்கு வருவதற்குள் தாவு தீர்ந்துவிடும். உவரிப் பக்கம் பழைய வள்ளம் கிடைக்காமல் இல்லை, ஆனால் அதெல்லாம் கடலுக்கென்று எஞ்சின் மாட்டச் செய்தவை, எங்கள் குளத்துக்கு யானையைக் கொண்டுவந்து கட்டினது மாதிரி ஆகும். இரண்டு ஆள் துடுப்புப் போடுகிற சின்ன வள்ளம் வேண்டுமென்றால் கேரளத்துக் குட்டநாட்டுக்குத்தான் போக வேண்டும். கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளைகிற ஊர் அது. நமக்கு சைக்கிள் எப்படியோ அப்படி அவர்களுக்கு வள்ளம், புதிது வாங்கினவர்கள் வீட்டில் பழசு கவிழ்ந்து கிடக்கும்.

ஆலப்புழையிலிருந்து சங்கனாசேரி போகிற சாலைக்கு உள்ளே ஒரு வாய்க்கால் கரை வீட்டில் அமைந்தது. பைபர் வள்ளம், 15½ அடி நீளம், தூக்கிப் பார்த்ததில் 60 கிலோவுக்குக் குறையாது. 14 ஆயிரம் சொன்னார், 13 ஆயிரத்துக்கு முடித்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். வண்டியைப் பேசிவிட்டு அல்லவா வள்ளத்தைப் பேசியிருக்க வேண்டும்!

சேரன்மகாதேவி வந்து வண்டி விசாரித்தால் எல்லாரும் போக வரக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு வழிக்கே 200 கிலோமீட்டர் பக்கம் வரும். சின்ன யானை (டாடா ஏஸ்) வண்டிக்காரர் சல்லிசாக வருகிறேன் என்றார், ஆனால் அதன் தொட்டி 7 அடி சொச்சம்தான், பாதி வள்ளம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பொலிரோ பிக்அப்பிலும் அதே கதைதான், நீட்டம் கொஞ்சம் குறையும், அவ்வளவே. “சிவப்புத் துணி கட்டிக்கிடலாம் அண்ணாச்சி, எவன் கேக்கப் போறான்” என்றார் ஒருவர். கேட்பார்கள். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினதிலிருந்து லோடு பாடிக்கு வெளியே அளவு மீறி நீட்டினால் அபராதம் 20 ஆயிரம் ரூபாய். வள்ளத்தின் விலையைவிட அதிகம். முழு வள்ளமும் உள்ளே அடங்க வேண்டுமென்றால் 17 அடி ஐச்சர் லாரி, அதற்கு 14 ஆயிரம் வாடகை கேட்டார்கள். வள்ளத்துக்கு 13, வண்டிக்கு 14!

காரின் மேல் கட்டிக்கொண்டு வரலாம் என்று மச்சினன் ஒரு யோசனை சொன்னான். 10 அடி பிளாஸ்டிக் கயாக் என்றால் 25 கிலோ, கேரியரில் கவிழ்த்துக் கட்டிவிடலாம். 60 கிலோவை ஆல்டோ கூரையில் ஏற்றிக்கொண்டு ஆரியங்காவுக் கணவாயில் இறங்க நான் தயாரில்லை, அந்தக் கணவாய்க் காற்று எங்களுக்கு ஒன்றும் புதிது இல்லையே. பார்சல் சர்வீஸில் எடையைப் பார்க்காமல் அடைக்கிற இடத்தைப் பார்த்து விலை சொன்னார்கள், அதுவும் 9 ஆயிரத்தில் நின்றது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், பாலருவி எக்ஸ்பிரஸ் சங்கனாசேரியைத் தொட்டு, கொல்லம், புனலூர், பதிமூன்று கண் பாலம், செங்கோட்டை வழியாக எங்கள் சேரன்மகாதேவிக்கே வருகிறது. ஆனால் இரண்டு நிமிஷம் நிற்கிற ஸ்டேஷனில் 15 அடி வள்ளத்தை எந்த டப்பாவுக்குள் திணிக்க?

கடைசியில் வழி சொன்னது டீக்கடை அண்ணாச்சிதான்.

“ஏ மக்கா, நம்ம ஊரு வைக்கோலு லாரி தெனமும் அங்கனதானடே போவுது. திரும்பையில வெறும் வண்டியாத்தான வாரான். அவன்ட்ட கேக்காம எவன்ட்டயோ வாடகை பேசிக்கிட்டுத் திரியுத?”

உண்மையிலேயே எனக்கு அது தோன்றவில்லை. பிசான நெல் அறுத்து முடிந்தால் மாசி பங்குனியில் தாமிரபரணிப் பாசனம் முழுக்க வைக்கோல் கட்டுதான். கேரளத்து மாட்டுப் பண்ணைகளுக்கு மலை மாதிரி ஏற்றிக்கொண்டு போகிற லாரிகள் அடுத்த லோடுக்கு நம் ஊருக்கே காலியாகத் திரும்புகின்றன. பாவூர்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றிப் போகிற வண்டிகளும் உண்டு, ஆனால் காய்கறி வண்டிக்கு மறுநாள் சந்தைக்கு ஓடவேண்டிய அவசரம். வைக்கோல் வண்டிக்காரர் கொஞ்சம் நின்று நிதானிப்பார். புக்கிங் ஆபீஸ் பக்கம் போகாமல் நேரே டிரைவரிடமே பேசினேன். 3 ஆயிரம், சாலையோரத்துக்கு வள்ளம் வந்துவிட வேண்டும், வாய்க்கால் சந்துக்குள் லாரி வராது, அவர் சொல்கிற நாளில்தான் ஏற்ற வேண்டும். நான் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை.

அவர் சொன்ன நாள் வருவதற்கு 11 நாள் ஆனது. தினமும் போன் போட்டால் “நாளைக்குப் பாக்கலாம் சார்”. ஒருநாள் அவர் லோடு இறக்கினது அடூரில், மறுநாள் திருவல்லாவில், பிறகு கொட்டாரக்கரையில். சங்கனாசேரிப் பக்கம் இறக்கம் கிடைத்த அன்று விடியற்காலையில் கூப்பிட்டார். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் வள்ளத்தை விற்றவரே அதில் ஏறித் துடுப்புப் போட்டு, வாய்க்கால் வழியாக மெயின் ரோட்டுப் பாலத்தடியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அந்த மூன்று கிலோமீட்டருக்கு மட்டும் வாடகை இல்லை. ஏற்றுவதற்கு அங்கே லோடுமேன்கள் நாலு பேர் வந்தார்கள். நோக்குகூலி, அதாவது வேலையே செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறதற்குக் கூலி கேட்பார்கள் என்று ஊரில் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள், அதைத்தான் 2018 மே 1-இலேயே அங்கே தடை செய்துவிட்டார்களே. இவர்கள் தண்ணீரிலிருந்து தூக்கி, மேலே ஏற்றி, பேசின 600 ரூபாயை வாங்கிக்கொண்டு போனார்கள்.

கிளீனர் பையன் தொட்டியைக் கூட்ட ஆரம்பித்தான். கூட்டாதே என்று தடுத்தேன். உதிர்ந்து கிடந்த வைக்கோல் முழங்கால் அளவுக்கு இருந்தது, காசு கொடுத்தாலும் அப்படி மெத்தை கிடைக்காது. வள்ளத்தைக் கவிழ்த்துத்தான் போட வேண்டும், விளிம்புதான் பலம், அடிவயிறு அழுத்தம் தாங்காது. கயிறு உரசுகிற இடத்தில் பழைய கோரைப்பாயை மடித்துக் கொடுத்தோம் (பத்தமடைப் பாய் இல்லை, அதைக் கொடுத்தால் வீட்டில் சோறு கிடைக்காது). லாரிக்காரர்கள் சிமெண்ட் மூட்டைக்கு இறுக்குகிற மாதிரி இறுக்கினால் பைபர் நெளிந்துவிடும், இரண்டு விரல் போகிற தளர்ச்சி இருக்கட்டும் என்றேன். குறுக்குக் கயிறு மூன்று போட்டவன், முன்மூக்கையும் பின்மூக்கையும் தனியாக இழுத்துக் கட்ட விட்டுவிட்டேன். அதைவிடப் பெரிய கூத்து, கேபினை ஒட்டித் தொட்டிக்குள்ளேயே ஸ்டெப்னி கிடந்ததை நான் கவனிக்கவே இல்லை.

தென்மலை தாண்டின வளைவுகளில் பின்னால் “டொக்” என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் வள்ளம் அரை அடி முன்னால் நகர்ந்து, மூக்கு ஸ்டெப்னி ரிம்மில் இடித்து நிற்கிறது. பச்சைப் பெயிண்ட் உதிர்ந்து, அதற்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு விரிசல், உள்ளே பைபர் இழை வெள்ளையாகத் தெரிந்தது. டிரைவரைச் சொல்லிக் குற்றமில்லை, கட்டினது நான்.

தமிழ்நாட்டு எல்லையில் புளியரை செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். 2024 டிசம்பரில் எங்கள் மாவட்டத்து நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டி, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு அவர்களே திரும்ப அள்ளிக்கொண்டு போனார்களே, அதற்கப்புறம் அந்தப் பக்கமிருந்து தார்ப்பாய் மூடி வருகிற வண்டி என்றாலே சந்தேகம்தான். டிரைவருக்கு அது தெரியும், தார்ப்பாயே போடாமல்தான் வந்தார். ஏட்டையா எட்டிப் பார்த்துவிட்டு, “என்னவே, வள்ளமா? இதுக்கு ஆர்சி புக்கு இருக்கா?” என்று சிரித்தார். விற்றவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளைக் காட்டினேன். 50 ஆயிரத்துக்கு மேல் மதிப்புள்ள சரக்குக்குத்தான் இ-வே பில் (சரக்கோடு கொண்டுபோகிற ஜி.எஸ்.டி. சீட்டு) வேண்டும், அதனால் அந்தத் தாளே போதுமாக இருந்தது. ஆஞ்சிலி மரத்தில் செய்த வள்ளமாக இருந்தால் ஆரியங்காவிலேயே வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்குமோ என்னவோ.

குளத்தங்கரையில் இறக்கும்போது மணி ராத்திரி ஒன்பது. லாரிக்கு 3 ஆயிரம், ஏற்றுக்கூலி 600, டிரைவருக்கும் கிளீனருக்கும் தென்காசியில் புரோட்டா 280, என் பஸ் செலவு தனி. விரிசலுக்கு உவரியிலிருந்து பைபர் வேலை தெரிந்த ஒருவர் வந்து, உரசித் தேய்த்து, பைபர் மேட் வெட்டி வைத்து ரெசின் பூசிவிட்டுப் போனார், அவருக்கு 900. எல்லாம் சேர்த்தும் 5 ஆயிரத்தைத் தாண்டவில்லை. அத்தானுக்கு அந்தப் பேண்டேஜ் போட்ட மூக்கைப் பார்க்கும்போதெல்லாம் என்னைக் கிண்டல் பண்ணாமல் துடுப்பெடுக்க முடியவில்லை.

இப்போது பக்கத்து ஊர்க் குத்தகைக்காரரும் ஒரு வள்ளம் வேண்டும் என்று கேட்கிறார். டிரைவருக்குப் போன் போட்டேன். வைக்கோல் ஓட்டம் முடிந்தது, இனி கார் நெல் அறுப்புக்கு அப்புறம் புரட்டாசியில் கூப்பிடுங்கள், ஸ்டெப்னியைக் கழற்றிக் கீழே மாட்டி வைக்கிறேன் என்கிறார்.