கோள்கணிப்பு நூலகத்துக்கு உறை எழுதியபோது: சீ மொழிச் சுட்டிகளைப் பைத்தானுக்கும் லுவாவுக்கும் கொண்டுவந்த அனுபவம்

கொழும்புக்கான திதியையும் சூரிய உதயத்தையும் திருக்கணித முறையில் கணித்துத் தரும் சிறிய நிரலொன்றை ஓய்வு நேரங்களில் எழுதி வருகிறேன். கோள்நிலைகளைக் கணிக்கும் பொறுப்பைச் சூரிச் நகரின் அஸ்ட்ரோடீன்ஸ்ட் நிறுவனம் 1997 இல் வெளியிட்ட சுவிஸ் எஃபெமெரிஸ் என்னும் சீ மொழி நூலகத்திடம் விட்டிருக்கிறேன். அட்டவணை அமைப்பது, அச்சுக்குத் தயார்செய்வது முதலிய மற்ற வேலைகள் பைத்தானில் நடக்கின்றன. அந்த நூலகத்துக்குப் பைத்தான் உறை, அதாவது சீ மொழிச் செயற்கூறுகளைப் பைத்தானிலிருந்து அழைக்க உதவும் இடைப்பட்ட நிரல், ஏற்கெனவே உண்டு. ஆனால் அதே கணிப்பு எனக்கு லுவா என்னும் நிரல் மொழியிலும் தேவைப்பட்டது. ஆகவே 1995 இல் டேவிட் பீஸ்லி லொஸ் அலமொஸ் தேசிய ஆய்வுகூடத்தில் எழுதத் தொடங்கிய ஸ்விக் என்னும் உறையாக்கியை எடுத்துக்கொண்டு, இரு மொழிகளுக்கும் பொதுவான ஓர் இடைமுகக் கோப்பை நானே எழுதினேன். நேரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டவை சுட்டி அளபுருக்களே, அதாவது செயற்கூறுக்கு மதிப்புக்குப் பதிலாக நினைவக முகவரியாகக் கொடுக்கப்படுபவையே. இந்தக் குறிப்பும் அவற்றைப் பற்றியது.

எண்ணைக் கொடுத்து எண்ணைப் பெறும் செயற்கூறுகளுக்கு ஸ்விக்கில் தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை. திகதியை யூலியன் நாளாக, அதாவது வானியலில் பயன்படும் தொடர் நாள் எண்ணாக, மாற்றும் செயற்கூறு அத்தகையது. 2000 ஜனவரி 1 நண்பகலைக் கொடுத்தவுடன் 2451545.0 என்ற சரியான விடை பைத்தானில் வந்துவிட்டது. இந்த நூலகத்தின் செயற்கூறுகளை அறிவிக்கும் தலைப்புக் கோப்பில் அந்த அறிவிப்புகள் மாக்ரோவினால் சுற்றப்பட்டிருப்பதால், வேண்டிய அறிவிப்புகளை மட்டும் கையால் இடைமுகக் கோப்புக்குள் எழுதுவது இலகுவாக இருந்தது. அப்படி எழுதும்போது, நூலகம் தனக்கென வைத்திருக்கும் 32 பிட் முழுவெண் வகை உண்மையில் சாதாரண இன்ட் என்பதையும் ஸ்விக்குக்கு ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது தனக்குத் தெரியாத ஏதோ வகுப்பு என்று கருதி, வெறும் எண்ணைக்கூடச் சுட்டிப் பொருளாகக் கையில் தருகிறது.

யூலியன் நாளைத் திரும்பத் திகதியாக்கும் செயற்கூறில்தான் உண்மையான வேலை தொடங்கியது. அது நாளையும் நாட்காட்டிக் குறியையும் வாங்கிக்கொண்டு, ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றுக்கு மூன்று இன்ட் சுட்டிகளையும் மணிக்கு ஒரு டபுள் (தசம எண்) சுட்டியையும் கேட்கிறது. சீ மொழியில் நான்கு மாறிகளை அறிவித்து அவற்றின் முகவரிகளைக் கொடுத்தால் வேலை முடிந்தது. பைத்தானில் மாறியின் முகவரி என்று கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. முழுவெண் என்பது மாற்ற முடியாத ஒரு பொருள், மாறி என்பது அதற்குக் கட்டிய பெயர் மட்டுமே. அந்த இடத்தில் பூச்சியத்தைக் கொடுத்துப் பார்த்தால், மூன்றாவது அளபுரு இன்ட் சுட்டி வகையினதாக இருக்க வேண்டும் என்று கூறி ஸ்விக் மறுத்துவிடுகிறது. அது மறுப்பது நியாயமே. தலைப்புக் கோப்பில் இருப்பது ஒரு நட்சத்திரக் குறி மட்டும். அந்த முகவரியில் இருப்பதை நூலகம் வாசிக்குமா, அதில் எழுதுமா, ஒரு மதிப்போடு நிற்குமா, தொடர்ச்சியாகப் பலவற்றை எழுதுமா என்ற எந்தக் கேள்விக்கும் அந்தக் குறி பதில் சொல்வதில்லை. பதில் நூலகத்தின் கையேட்டில்தான் இருக்கிறது. அதை வாசித்து இடைமுகக் கோப்பில் எழுதிக் கொடுப்பது உறை எழுதுபவரின் கடமை.

முதலில், ஸ்விக்கோடு வரும் சுட்டி உதவிக் கோப்பைச் சேர்த்துப் பார்த்தேன். அது ஒவ்வொரு வகைக்கும் புதிய சுட்டி உண்டாக்கவும், மதிப்பிடவும், மதிப்பை வாசிக்கவும், அழிக்கவும் செயற்கூறுகளைத் தருகிறது. ஒரு திகதிக்காக நான்கு சுட்டிகளை உண்டாக்கி, ஒருமுறை அழைத்து, நான்கையும் வாசித்து, நான்கையும் அழிக்க வேண்டியதாயிற்று. விடை சரிதான், ஆனால் பைத்தான் எழுத்துகளில் சீ மொழியை எழுதுவது போலவே இருந்தது. அழிக்கும் வரி ஒன்று விடுபட்டாலும் நினைவகம் கசியும். நூலகத்தைப் பரிசோதிக்க இந்த வழி உதவும். நிலையான உறைக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்து டைப்மாப் வழி. ஓர் அளபுருவை இரு மொழிகளுக்கும் இடையே எப்படி மாற்ற வேண்டும் என்று ஸ்விக்குக்குச் சொல்லும் விதியே டைப்மாப். ஸ்விக்கில் இன்புட், அவுட்புட், இன்அவுட் என்று மூன்று ஆயத்த டைப்மாப்கள் உள்ளன. 'அப்ளை' கட்டளையால் அந்த நான்கு சுட்டிகளும் அவுட்புட் என்று அறிவித்தவுடன், ஸ்விக் உறைக்குள்ளேயே நான்கு தற்காலிக மாறிகளை வைத்து, அவற்றின் முகவரிகளை நூலகத்துக்குக் கொடுத்து, முடிந்ததும் அவற்றின் மதிப்புகளை அழைத்தவரிடம் திருப்பித் தருகிறது. பைத்தானில் 2451545.0 என்று அழைத்தால் 2000, 1, 1, 12.0 என்ற நான்கும் ஒரே பட்டியலாக வந்தன. லுவா ஒரே செயற்கூறிலிருந்து பல மதிப்புகளைத் திருப்பித் தரும் இயல்புடைய மொழி என்பதால், அங்கே அவை நான்கு தனி மதிப்புகளாகவே வந்தன. டைப்மாப்கள் அளபுருவின் வகையோடு அதன் பெயரையும் பார்த்தே பொருந்துகின்றன என்பதையும், அறிவிப்புக்குப் பின்னால் எழுதப்பட்ட டைப்மாப் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வீணாகிறது என்பதையும் இங்கே மனத்தில் வைக்க வேண்டும். இடைமுகக் கோப்பிலுள்ள அளபுருப் பெயர் தலைப்புக் கோப்பிலுள்ள பெயராகவே இருக்க வேண்டியதில்லை என்பதால், பொருத்தத்துக்கு வசதியான பெயரை நாமே சூட்டலாம்.

கோளின் நிலையைக் கணிக்கும் செயற்கூறு இதே தோற்றத்தோடு வரும் வேறொரு பிராணி. அதிலும் ஒரு டபுள் சுட்டி இருக்கிறது; ஆனால் நூலகம் அந்த முகவரியிலிருந்து ஆறு மதிப்புகளை எழுதுகிறது: வான் நெட்டாங்கு, அகலாங்கு, தூரம், பிறகு இவை மூன்றினதும் வேகங்கள். இதற்கும் அவுட்புட் டைப்மாப்பைப் பொருத்தினால் என்ன நடக்கும் என்பதை வேண்டுமென்றே செய்து பார்த்தேன். ஸ்விக் ஒரேயொரு டபுளுக்கு, அதாவது 8 பைட்டுக்கு, இடம் ஒதுக்குகிறது. நூலகம் அங்கே 48 பைட் எழுதுகிறது. தொகுப்பான் எச்சரிக்கவில்லை. நிரலும் நின்றுவிடவில்லை. சூரியனின் நெட்டாங்கு 280.37 பாகை என்ற சரியான விடையும் வந்தது. மீதி 40 பைட்டும் பக்கத்திலிருந்த மாறிகளின் மேல் எழுதப்பட்டிருந்தன. நூலகத்தையும் உறையையும், நினைவக மீறல்களைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு தொகுத்து, அதன் இயக்கநேர நூலகத்தை முன்கூட்டியே ஏற்றிப் பைத்தானைத் தொடங்கியபோதுதான், அடுக்கு நினைவகத்தின் எல்லை மீறப்பட்டது என்ற அறிக்கை வரி எண்ணோடு கிடைத்தது. உறை எழுதும் எவரும் இந்தப் பரிசோதனையை வழக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சரியான விடையைத் தந்துகொண்டே நினைவகத்தைக் கெடுக்கும் உறை, வேறொரு கணினியில், வேறொரு தொகுப்பானில், முற்றிலும் தொடர்பற்ற இடத்தில் நிரலை விழுத்தும்.

ஆறு உறுப்புகளுக்கான டைப்மாப்பை நானே எழுதினேன். அதற்கு இரண்டு பாகங்கள். உள்வரும் பாகத்தில், இந்த அளபுருவுக்கு அழைப்பவர் எதையும் கொடுக்க வேண்டியதில்லை என்று அறிவித்து, ஆறு டபுள் கொண்ட தற்காலிக அணியின் முகவரியை இட்டேன். வெளிவரும் பாகத்தில், அந்த ஆறையும் பைத்தானின் ஒரு டியூப்பிளாக்கி (மாற்ற முடியாத பட்டியலாக்கி) முடிவோடு சேர்த்தேன். பிழைச்செய்திக்காக நூலகம் கேட்கும் 256 பைட் எழுத்துச் சுட்டிக்கும் இதே வழிதான். ஆனால் அதில் ஒரு நுட்பம் உண்டு. திருப்பித் தரப்படும் எண் எதிர்மறையானால் மட்டுமே பிழை. கோள்தரவுக் கோப்புகள் கிடைக்காதபோது நூலகம் தன்னுள் இருக்கும் மோஷியர் முறைக்கு மாறிக் கணித்துவிட்டு, எண்ணில் அதற்குரிய குறியை இட்டு, செய்திப் பெட்டியில் ஓர் எச்சரிக்கையும் எழுதுகிறது. அதை விதிவிலக்காக எழுப்பினால் நல்ல கணிப்பு வீணாகும். வாய்மூடி விழுங்கினால் எந்தத் தரவிலிருந்து விடை வந்தது என்பது தெரியாமல் போகும். ஆகவே எதிர்மறை எண்ணுக்கு விதிவிலக்கும், மற்றபடி செய்தியைத் தனி மதிப்பாகவும் தருமாறு அமைத்தேன்.

சூரிய உதயம் கணிக்கும் செயற்கூறில் எல்லாவகைச் சுட்டியும் ஒரே வரியில் கூடியிருக்கின்றன. இடத்தைக் குறிக்கும் மூன்று டபுள் கொண்ட அணி உள்ளீடு. நேரத்துக்கான டபுள் சுட்டி வெளியீடு, இதற்கு ஒற்றை அவுட்புட் போதும். விண்மீன் பெயருக்கான எழுத்துச் சுட்டி சூரியனுக்கு வெறுமையாக இருக்கலாம், பைத்தானில் மதிப்பின்மையைக் குறிக்கும் 'நன்' அப்படியே வெற்றுச் சுட்டியாகிறது. கடைசியில் செய்திப் பெட்டி. இட அணியில் நெட்டாங்கு முதலாவது, அகலாங்கு இரண்டாவது, உயரம் மீற்றரில் மூன்றாவது. கொழும்புக்கு 79.86, 6.93 என்ற வரிசை. மூன்று உறுப்புகள் இருக்கின்றனவா, ஒவ்வொன்றும் எண்தானா என்று சோதித்து, இல்லையென்றால் புரியும்படி மறுக்கும் டைப்மாப் எழுதுவதே நல்லது. இரண்டு உறுப்புகளோடு வந்த பட்டியலை அனுமதித்தால் நூலகம் மூன்றாவதை அடுத்த முகவரியிலிருந்து வாசித்துக்கொண்டு போய்விடும். துருவப் பகுதிகளில் சூரியன் உதிக்காத நாட்களுக்கு இந்தச் செயற்கூறு -2 ஐத் திருப்பித் தருகிறது. அதைப் பிழை என்று கருதாமல், விடை இல்லை என்ற விடையாக நடத்தியிருக்கிறேன்.

மிகவும் கவனம் வேண்டியது நிலையான விண்மீன்களுக்கான செயற்கூறுதான். சித்திரை நட்சத்திரத்தின் விண்மீனான ஸ்பைகாவின் பெயரைக் கொடுத்தால், நூலகம் அதன் நிலையைக் கணிப்பதோடு, நாம் கொடுத்த அதே நினைவகத்தில் விண்மீனின் முழுப்பெயரையும், காற்புள்ளியிட்டு அதன் வானியல் குறியையும் எழுதிவிடுகிறது. ஸ்விக்கோ எழுத்துச் சுட்டி என்றாலே வாசிப்பதற்கான சரம் என்று கொண்டு, பைத்தான் சரத்தின் உள்ளடக்கத்தை அப்படியே காட்டிக்கொடுக்கிறது. மாறவே கூடாத சரத்தின் மேல், அதைவிட நீளமான பெயரை நூலகம் எழுதும். இதற்கு இன்அவுட் முறையில் தனி டைப்மாப் தேவை: போதிய அளவுள்ள தற்காலிக இடத்துக்குச் சரத்தை நீளம் சோதித்துப் பிரதி செய்வது, அதன் முகவரியை நூலகத்துக்குக் கொடுப்பது, திரும்பியதும் புதிய சரமாக்கிச் சேர்ப்பது. 'கான்ஸ்ட்' இல்லாத எழுத்துச் சுட்டியைத் தலைப்புக் கோப்பில் காணும்போதெல்லாம் கையேட்டைத் திறந்து பார்க்கும் பழக்கம் இதற்குப் பிறகு வந்தது.

இவ்வளவையும் முடித்து லுவாவுக்குத் திரும்பியபோது, நான் எழுதிய டைப்மாப்கள் ஒவ்வொன்றும் பைத்தானின் உள் இடைமுகத்தை அழைப்பவை என்பதால் அங்கே பயன்படவில்லை. லுவாவுக்கு, நிலையான நீளமுள்ள எண் அணிகளைத் தன் அட்டவணையாக மாற்றும் ஆயத்த டைப்மாப்கள் ஸ்விக்கிலேயே இருக்கின்றன. ஆனால் எழுத்துப் பெட்டிகளுக்கும் பிழைக்குறிகளுக்கும் மீண்டும் எழுத வேண்டும். அந்த நிலையில் வழியை மாற்றினேன். இடைமுகக் கோப்பில் சீ நிரலை நேரடியாக எழுத இடம்தரும் 'இன்லைன்' பகுதியில், நெட்டாங்கு, அகலாங்கு, தூரம், வேகங்கள், குறி, செய்தி ஆகியவற்றைப் பெயரிட்ட உறுப்புகளாகக் கொண்ட ஒரு ஸ்ட்ரக்ட் வகையையும், நூலகத்தை அழைத்து அதை நிரப்பி மதிப்பாகத் திருப்பித் தரும் குறுகிய சீ செயற்கூறுகளையும் எழுதினேன். ஸ்விக் அதன் பிரதியை உண்டாக்கி, அதன் உரிமையை அந்தந்த மொழியின் குப்பை சேகரிப்பானிடம் ஒப்படைக்கிறது. ஆகவே விடுவிக்கும் கவலை இல்லை. உறுப்பாக டபுள் அணியை வைத்தால் மீண்டும் வெறும் சுட்டிதான் வெளியே வரும். பெயரிட்ட உறுப்புகளை வைப்பதற்கு அதுவே காரணம். மேலும், சீ மொழியில் பூச்சியத்தில் தொடங்கும் அணி லுவாவில் ஒன்றில் தொடங்கும் குழப்பமும் இதனால் இல்லாமல் போகிறது. பைத்தானில் மட்டும் பயன்படும் உறைக்கு டைப்மாப்பே அழகு. இரண்டு மொழி என்று வந்துவிட்டால், சுட்டிகளைச் சீ மொழி எல்லைக்குள்ளேயே முடித்துவிடும் இந்த வழியையே நான் தேர்வேன்.

பைத்தான் 2.5 முதல் அதனோடு வரும், சீ நூலகங்களை நேரடியாக அழைக்கும் சிடைப்ஸ் தொகுதியையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். தொகுப்பான் தேவையில்லை என்பது பெரிய வசதி. ஆனால் திரும்பும் வகையை அறிவிக்காவிட்டால் அது எல்லாவற்றையும் இன்ட் என்று கொள்கிறது. யூலியன் நாளுக்குப் பொருளற்ற எண் வருகிறது. கையேட்டிலிருந்து எடுத்து எழுத வேண்டிய அதே விவரங்களை அங்கும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இரு உறைகளையும் 2024 வெசாக் போயாவை வைத்துச் சோதித்தேன். மே 23 அன்று உலக நேரம் 13:53 க்கு, அதாவது இலங்கை நேரம் இரவு 7:23 க்கு, சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட நெட்டாங்கு வேறுபாடு 180 பாகையாக வந்தது. அன்று கொழும்பில் சூரிய உதயத்தின்போது அந்த வேறுபாடு 168 க்கும் 180 க்கும் இடையில் இருந்தது. திதி ஒன்றுக்கு 12 பாகை என்பதால் அது பௌர்ணமித் திதி. பழைய திகதிகளைச் சோதிக்கும்போது வெள்ளவத்தையில் இருக்கும் பெரியப்பா பக்கத்தில் இருந்தார். "தம்பி, தொண்ணூற்றெட்டில பிறந்த பிள்ளைக்கு மணிக்கூட்டு நேரத்தை அப்பிடியே போடக்கூடாது, அரை மணித்தியாலம் கழிக்க வேணும்" என்றார். 1996 மே மாதத்தில் இலங்கை நேரம் உலக நேரத்துக்கு ஆறரை மணி முன்னதாகவும், அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணி முன்னதாகவும் மாற்றப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. இந்த மாற்றத்தைச் சீ பக்கத்தில் கையாளாமல், பைத்தான் 3.9 முதல் உள்ள நேரவலயத் தொகுதியிடம் கொடுத்து, உறைக்குள் உலக நேரம் மட்டுமே செல்லுமாறு வைத்திருக்கிறேன்.

இன்னும் எஞ்சியிருப்பது கோளின் பெயரைத் தரும் செயற்கூறு. அது கொடுக்கப்பட்ட எழுத்துப் பெட்டியில் பெயரை எழுதுவதோடு, அதே பெட்டியின் முகவரியைத் திருப்பியும் தருகிறது. இரண்டையும் உறையிட்டால் ஒரே பெயர் இருமுறை வரும் என்பதால், வெளியீட்டு அளபுருவை மறைத்து, திரும்பும் சரத்தை மட்டும் பிரதி செய்து கொடுக்கும் இன்லைன் செயற்கூறொன்றை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.