பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த கடல்நீர்

அக்டோபர் 15, கோவை
தோழி அனுப்பிய பாட்டில்கள் வந்துவிட்டன. உள்ளிருக்கும் நுண்ணுயிரிகள் கெடாமலிருக்க லூகால் அயோடின் கரைசல் கலந்ததால் தண்ணீர் வடிகாபி நிறத்தில் இருக்கிறது. அவை அடியில் படிவதற்காக 100 மில்லியை வண்டல் கலனில் ஊற்றி அசையாமல் வைத்தாயிற்று.

அக்டோபர் 16
கலனை அடியிலிருந்து பார்க்கும் தலைகீழ் நுண்ணோக்கியில் நாள் முழுக்க உட்கார்ந்தேன். முகத்துவாரத்து நீரில் கூடு இல்லாத சிலியேட்டுகளே (நுண்மயிரால் நீந்தும் ஒருசெல் உயிரிகள்) கூட்டம். பெரும்பாலும் ஸ்ட்ரோம்பிடியம் இனத்தவை. உடலைச் சுற்றிக் கூடு கட்டும் சிலியேட்டுகளான டின்டினிட்டுகள் அவற்றுக்கு இடையில் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

ஆனால் 1776-இல் ஓ.எஃப். முல்லர் முதல் டின்டினிட்டை விவரித்த காலம் தொட்டுப் பேரும் புகழும் கூடு உள்ளவற்றுக்கே. கோஃபாய்டும் கேம்பெல்லும் 1929-இல் போட்ட பெரிய டின்டினிட் பட்டியலும் கூட்டின் வடிவத்தை வைத்துத்தான். வலை போட்டு இழுத்தால் கூடில்லாதவை கண்ணி வழியே நழுவிவிடும், இல்லை நசுங்கிவிடும். ஃபார்மலினிலும் நிறைய சிதைந்துபோகும். கரையோரத்தில் எது எங்கே எவ்வளவு என்று வரைபடம் போடுவதற்கு முன், தண்ணீரை எப்படி எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். எனக்கு இதுதான் முதல் கேள்வி.

அக்டோபர் 19, கோபி
“ஏஞ்சாமி, உப்புத் தண்ணீல என்னத்தப் பாக்கறே?” என்றார் அப்பாரு. நம்ம வாய்க்காலுக்கு வராமல் கொடிவேரி தாண்டும் பவானித் தண்ணி கூடுதுறையில் காவிரியில் சேர்ந்து, முக்கொம்பில் பிரிந்து, வெள்ளக் காலத்தில் கொள்ளிடம் வழியாகப் பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே கடலில் விழுகிறதுங்க என்றேன். “அப்ப நம்ம தண்ணியத்தான் பாக்கறே” என்று திருப்தியாகிவிட்டார்.

அக்டோபர் 24, கோவை
ஆழ்கடல் பக்கத்து பாட்டிலை இன்று முடித்தேன். எண்ணிக்கை குறைவு, கூடுகளோ கண்ணாடி போலத் தெளிவு. முகத்துவாரத்தில் கூடுள்ளவற்றுள் டின்டினாப்சிஸ்தான் மிகுதி. மிதக்கும் மண்துகளைக் கூட்டில் ஒட்டிக்கொள்ளும் இனம், கலங்கிய ஆழமில்லாத நீரில்தான் செழிக்கும். உப்பு குறைந்தாலும் தாங்கும் வகைகள் அதில் உண்டு.

கூட்டின் வாய் அகலத்தையும் அளந்து குறித்தேன். பொதுவாக அந்த அகலத்தில் கால்வாசி அளவுள்ள இரையைத்தான் டின்டினிட் அதிகம் பிடிக்கும். அதனால் எந்த அளவுப் பாசி எங்கே மிதக்கிறதோ, அதற்கேற்ற வாய் அங்கே பெருகும். மறுபக்கம் கோப்பிபாடு என்னும் மிகச்சிறு ஓட்டுடலிகள் இவற்றைத் தின்று குறைக்கும். உப்பையும் வெப்பத்தையும் மட்டும் அளந்துவிட்டுப் பரவலைச் சொல்லிவிட முடியாது.

அக்டோபர் 25
மழை ஓய்ந்ததும் ஜனவரியில் அதே இடங்களில் எடுக்கச் சொல்லித் தோழிக்கு எழுதினேன். வலை வேண்டாம், பாட்டிலில் முகந்த தண்ணீர் போதும். அப்புறம், கொஞ்சம் அடிச்சேறும் கேட்டிருக்கிறேன். சில டின்டினிட்டுகள் உறைகட்டி அடிமண்ணில் கிடந்து, பருவம் வந்தால் மேலே வரும்.