பிஸ்கட் நிற சீட்டும் அப்பாவின் வேட்டியும்

அப்பாவின் கார் 2013 மாடல். வாங்கியபோது தோல் சீட் பளிச்சென்று பிஸ்கட் நிறத்தில் இருந்தது. பத்து வருஷத்தில் ஜீன்ஸ் சாயம் ஏறி நடுப்பகுதி நீலம் பாய்ந்துவிட்டது. டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும்போது தொடை உரசும் விளிம்பில் மேல்பூச்சே போய், சாம்பல் நிறத் தோல் தெரிந்தது. கவர் போட்டு மூடிவிடு என்றார்கள். நல்ல தோலின் மேல் ரெக்சினைப் போர்த்த எனக்கு மனசு வரவில்லை. தோலுக்கே புது நிறம் ஏற்றிவிட நினைத்தேன்.

நாங்கள் இருப்பது ஆற்காடு. பாலாற்றைத் தாண்டினால் ராணிப்பேட்டை. அங்கே தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், பினிஷிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என் மாமா. வந்து பார்த்ததும் முதலில் சொன்னது: "ஷூவுக்குப் போடற டையை வாங்கி அடிச்சுடாதடா, எல்லாம் உங்கப்பா வேட்டிலதான் ஏறும்." அப்பா வெள்ளை வேட்டி தவிர வேறு கட்டமாட்டார். நிறம் ஒட்டுகிறதா என்பதைவிட உரசினால் வருகிறதா என்பதுதான் எங்களுக்குப் பெரிய கேள்வி.

சீட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். முத்துபோல உருண்டு நின்றது. தொழிற்சாலையில் போட்ட பூச்சு இன்னும் இருக்கிறது, அதனால் சாயம் உள்ளே இறங்காது. நிறம் தரும் பிக்மென்ட்டும், அதைத் தோலோடு பிடித்து வைக்கும் பியு (பாலியூரிதேன்) பைண்டரும் கலந்த பூச்சைத்தான் மேலே ஏற்ற வேண்டும். தேய்ந்த விளிம்பில் விட்ட சொட்டை மட்டும் தோல் உடனே குடித்துவிட்டது.

சரக்கைச் சென்னை பெரியமேட்டில் வாங்கினேன். நான் கறுப்பு என்றேன். மாமா தடுத்தார்: "மே மாச வெயில்ல நிறுத்திட்டு வந்து உட்கார்ந்து பாரு, தெரியும்." காப்பிக்கொட்டை நிறம் என்று முடிவாயிற்று. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போவது சுலபம், திரும்பி வருவதுதான் கஷ்டம்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிப் பத்து நிமிஷம் விட்ட பிறகே சீட்டைக் கழற்றினோம். அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, அவசரப்படக் கூடாது. சீட்டுக்குள்ளேயே ஏர்பேக் உள்ள கார் என்றால் பக்கவாட்டுத் தையல் மேல் வெடிப்பை அடைக்கும் ஃபில்லரோ கெட்டிப் பூச்சோ போடவே வேண்டாம்.

இரண்டு நாள் சுத்தம் செய்வதிலேயே போயிற்று. சோப்பு நுரையை மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் நுரை டீத்தண்ணி நிறத்துக்கு மாறும். துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தால் மறுபடி அதே நிறம். ஐந்தாவது தடவைதான் வெள்ளையாகவே நின்றது. காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தோம். பிறகு 800 நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. விளிம்பின் வெடிப்புகளில் ஃபில்லரை மெல்லிசாக இழுத்துக் காயவிட்டுத் தேய்த்து, மறுபடி இழுத்தோம்.

முதல் கோட் ஸ்பாஞ்சில். பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. திட்டுத்திட்டாக, சேறு தெளித்ததுபோல இருந்தது. மாமா அசரவில்லை. "மெல்லிசா நாலு தடவை போடு, கெட்டியா ஒரு தடவை போடாத" என்றார். ஈரத்தில் பைண்டர் பால்போல வெளுத்திருக்கும், காய்ந்தால்தான் உண்மையான நிறம் தெரியும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஹேர் டிரையர் பிடித்து, மூன்றாவதிலிருந்து ஸ்பிரே கன்னுக்கு மாறினோம். நாலாவதில் ஒரே நிறமாயிற்று. தையல் நூலும் கூடவே நிறம் மாறிவிட்டது. அந்த வெள்ளை நூல் போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

கடைசியாக மேட் டாப் கோட், அதாவது பளபளப்பில்லாத மேல்பூச்சு; அதில் பூச்சை இறுக்கிக் கெட்டியாக்கும் கிராஸ்லிங்க்கர் கலந்து. கலந்ததைச் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். முகமூடி, கையுறை, திறந்த இடம் மூன்றும் கட்டாயம்.

மூன்று நாள் யாரையும் உட்காரவிடவில்லை. நாலாம் நாள் பழைய வேட்டித் துண்டை ஈரமாக்கி, அழுத்தி நூறு தடவை தேய்த்தேன். சீட் முழுக்கத் தேய்த்தும் துணியில் நிறம் ஏறவில்லை, பெல்ட் பக்கிள் பக்கம் மட்டும் ஒரு ரூபாய் அளவுக்குப் பூச்சு உரிந்தது. பிசுக்கு அங்கே தங்கியிருந்திருக்கிறது. அந்த இடத்தை மட்டும் முதலிலிருந்து செய்தோம்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு ரத்தினகிரி கோயிலுக்குப் போய்வந்தார். அவர் இறங்கி வீட்டுக்குள் போகும்போது பின்னாலேயே போய் வேட்டியைப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது.