டிக்கை எடுத்தும் நகராத நாற்பது புத்தகங்கள்

செமஸ்டர் முடிந்ததும் கோர்ஸ் ரிசர்வில், அதாவது ஒரு பாடம் படிப்பவர்களுக்கென்று தனியே ஒதுக்கி வைத்த ரேக்கில், இருக்கும் புத்தகங்களைப் பொதுப் பிரிவுக்குத் திருப்புவது எங்கள் கல்லூரி நூலகத்தில் என் வேலை. நாங்கள் கோஹா என்ற நூலக மென்பொருள் வைத்திருக்கிறோம். கோர்ஸைத் திறந்து அது செயலில் இருக்கிறது என்ற டிக்கை எடுத்தால் போதும், ரிசர்வுக்காக மாற்றிய இடம், ஐட்டம் டைப் (எத்தனை நாள் கடன் என்பதை முடிவு செய்யும் வகை) எல்லாம் தானாகப் பழையபடி வந்துவிடும். பதினொரு கோர்ஸுக்கு எடுத்தேன். நாற்பது சொச்சம் புத்தகங்கள் மட்டும் அசையவில்லை.

கோஹாவில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, பொறுமையில்லாமல் நேராக டேட்டாபேஸில் நுழைந்து ஒரே எஸ்க்யூஎல் கட்டளையில் இடம், ஐட்டம் டைப் இரண்டையும் மாற்றிவிட்டேன்.

மறுநாளே ஒரு மாணவி வந்து நின்றாள். "மேடம், ஓபேக்ல ரிசர்வ் ரேக்னு போட்டிருக்கு, அங்க புக்கே இல்ல." ஓபேக் என்பது மாணவர்கள் புத்தகம் தேடும் ஆன்லைன் பக்கம். பார்த்தால் அதன் தேடல் பட்டியலில் ரிசர்வ் ரேக், தலைப்பைச் சொடுக்கினால் உள்ளே பொதுப் பிரிவு. பட்டியல், ஜீப்ரா என்ற தேடல் மென்பொருளின் இண்டெக்ஸில் இருக்கும் பிரதியைப் பார்த்துக் காட்டுகிறது, உள்பக்கம் டேட்டாபேஸைப் பார்க்கிறது.

சரி, அந்தப் பிரதியைப் புதுப்பிக்கும் இண்டெக்ஸர் நின்றிருக்கும் என்று அதை ரீஸ்டார்ட் செய்தேன், ஒன்றும் மாறவில்லை. புதுப்பிக்க வேண்டிய பதிவுகள் வரிசையாக நிற்கும் ஜீப்ராகியூ டேபிளில் எத்தனை பாக்கி என்று பார்த்தால் பூஜ்யம். அப்போதுதான் உறைத்தது. கோஹா திரை வழியாகத் திருத்தினால் அதுவே பதிவு எண்ணை அந்த வரிசையில் போட்டுவிடும். நான் கொல்லைப்புறமாகப் போனதால் இண்டெக்ஸருக்குச் சேதியே போகவில்லை.

முழு ரீஇண்டெக்ஸ் ஓட்டலாம்தான், ஆனால் அது பழைய இண்டெக்ஸைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து கட்டும், முடியும்வரை தேடல் அரைகுறையாக வரும். பட்டப்பகலில் அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை. அந்த நாற்பது பதிவுகளின் எண்களை மட்டும் வரிசையில் சேர்த்தேன். இரண்டு நிமிடத்தில் பட்டியலும் பொதுப் பிரிவு என்றது.

அப்புறம்தான் அவை ஏன் நகரவில்லை என்று தேடினேன். எல்லாம் அரியர் மாணவர்களுக்காகப் போட்டிருந்த இன்னொரு கோர்ஸிலும் இருந்தன, அதன் டிக் அப்படியே இருந்தது. ஒரு கோர்ஸ் செயலில் இருந்தாலும் கோஹா புத்தகத்தை ரிசர்வை விட்டு விடாது. கோளாறு என்னுடையதுதான்.

இந்த முறை ஒழுங்காக, பல புத்தகங்களை ஒன்றாகத் திருத்தும் பேட்ச் ஐட்டம் மாடிஃபிகேஷன் திரை வழியாகவே ரிசர்வுக்குத் திருப்பிப் போட்டேன். அதற்குள் மூன்று புத்தகங்கள் பதினைந்து நாளுக்கு இஷ்யூ ஆகி வெளியே போயிருந்தன.