ஐடி-க்கு பேர் வைக்கிறதுல இவ்ளோ வம்பா

நேத்து ராத்திரி வெப் பேஜ்ல ஒரு டிவ்-க்கு (பக்கத்துல ஒரு பெட்டி மாதிரி) ஐடின்னு, அதாவது அத அடையாளம் காட்டற பேரா, வெறும் 3 மட்டும் போட்டுட்டு மண்டைய பிச்சுக்கிட்டேன், ஜாவாஸ்கிரிப்ட்ல ஐடிய வெச்சு தேடற கெட்எலிமென்ட்பைஐடில கரெக்டா கிடைக்குது, அதையே ஹேஷ் (#) சேத்து, சிஎஸ்எஸ் (பக்கத்தோட லுக்க எழுதற மொழி) ஸ்டைல்ல தேடற குவரிசெலக்டர்ல போட்டா சின்டாக்ஸ் எரர்.

பக்கத்த எழுதற மொழியான எச்டிஎம்எல் 4ல ஐடி எழுத்துலதான் ஆரம்பிக்கணும், 5ல அத தூக்கிட்டாங்க, ஒரு கேரக்டராவது இருக்கணும், ஸ்பேஸ் கூடாது, ஒரே பக்கத்துல ரெண்டு தடவ வரக்கூடாது, அவ்ளோதான், ஆனா சிஎஸ்எஸ்-க்கு நம்பர்ல ஆரம்பிச்சா இன்னும் ஆகாது. புள்ளி அதவிட மோசம். யூசர்.நேம்னு வெச்சா யூசர்ங்கற ஐடி, நேம்ங்கற கிளாஸ் (பல எலிமென்ட்டுக்கு பொதுவா வெக்கிற பேர், சிஎஸ்எஸ்ல புள்ளி வெச்சு எழுதறது)னு படிச்சுக்கும், எரர் கூட வராம சும்மா நல் (null, அதாவது ஒண்ணும் கிடைக்கல) வந்து நிக்கும். இந்த மாதிரி பேர சிஎஸ்எஸ்-க்கு ஏத்தாப்ல மாத்தி தர்ற சிஎஸ்எஸ்.எஸ்கேப் ஃபங்ஷன் இருக்குதான், ஒவ்வொரு தடவையும் அத யாரு எழுதறது, நான் மாட்டேன்பா.

அப்புறம் ஃபார்ம் பட்டனுக்கு சப்மிட்னு ஐடி வெச்சுடாதீங்க, ஃபார்ம அனுப்பற சப்மிட் ஃபங்ஷனையே மறைச்சுடும்.