பன்னிரண்டு நிமிடம்

மே 7, 2025

நாளைக்கே ரிசல்ட்டாம். ஒன்பதாம் தேதி என்றுதான் சொல்லியிருந்தார்கள். பயப்படுவதற்கு வைத்திருந்த ஒரு நாளையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

மே 8

559.

தமிழ் 95, ஆங்கிலம் 84, கணக்கு 94, இயற்பியல் 97, வேதியியல் 91, கணினி அறிவியல் 98. அப்பாவுக்குப் போன் போட்டேன். பின்னால் எலுமிச்சை ஏலச் சத்தம். "எவ்வளவு தாயி?" என்று மூன்று தடவை கேட்டார். அப்புறம் பக்கத்தில் யாரிடமோ "அறுநூத்துக்கு வே, அறுநூத்துக்கு" என்று சொன்னது கேட்டது.

ராத்திரி இன்னொரு தடவை பார்த்தேன். இயற்பியல் செய்முறைக்கு இருபதுக்கு இருபது. முழுசாகப் போட்டிருக்கிறார்கள். அதுதான் உறுத்துகிறது. பன்னிரண்டு நிமிடம் தப்பு என்பது எனக்குத் தெரியும்.

மே 9

பொறியியலுக்குக் கணக்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. 94, 48.5, 45.5. கட்-ஆஃப் 188. தெருவில் எல்லோருக்கும் இந்தக் கணக்கு மட்டும் மனப்பாடம். "கணக்குல மட்டும் 3,022 பேரு செண்டமாம், கட்-ஆஃப் ஏறும்ளா" என்று மாமா சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

மே 13

எதிர்வீட்டு அக்கா கேட்டாள், உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்று. இத்தனை நாளில் இதைக் கேட்ட ஒரே ஆள். பதில் சொல்லத் தெரியாமல் "இயற்பியல்" என்று முடித்துக்கொண்டேன். ஆனால் புத்தகத்தில் இருக்கும் இயற்பியல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. எனக்குப் பிடித்தது அந்த அறை.

ஜன்னலுக்கெல்லாம் கறுப்புச் சார்ட் ஒட்டி, கிழிந்த இடத்தில் டீச்சர் தன் பழைய துப்பட்டாவைச் செருகியிருப்பார். மெர்க்குரி விளக்கு போட்டவுடன் எரியாது. முனகிக்கொண்டே கிடந்து, மெல்ல வெளுக்கும். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியின் தொலைநோக்கியை நேர்க்கதிரிலிருந்து இடப்பக்கம் தள்ளிக்கொண்டே போனால் கொஞ்ச தூரம் வெறும் இருட்டு. அப்புறம் நீலம். இன்னும் கொஞ்சம் தள்ளினால் பச்சை. இலைப்பச்சையும் இல்லை, மிளகாய்ப்பச்சையும் இல்லை. அந்தப் பச்சையை வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை. குறுக்குக் கம்பி அதன் நடுவில் உட்காரும்வரை மூச்சை விடக்கூடாது. லென்ஸை வைத்து, கோணம் காட்டும் வெர்னியர் அளவுகோலைப் படிக்கும்போது கண் கூசும். ஒரு டிகிரிக்குள் அறுபது நிமிடம் இருக்கிறது என்பதை அதுவரை நான் நம்பியதே இல்லை.

அந்தப் பச்சைக்கு 19 டிகிரி 8 நிமிடம் வரவேண்டும். எனக்கு 19 டிகிரி 20 நிமிடம் வந்தது. அலைநீளம் 5461 ஆங்ஸ்ட்ராம் வரவேண்டிய இடத்தில் 5518. இதையெல்லாம் அக்காவிடம் எப்படிச் சொல்வது?

மே 19

ஐசர் என்று ஒன்று இருக்கிறது. நாடு முழுக்க ஏழு. அதில் ஒன்று திருவனந்தபுரத்துப் பக்கம் விதுராவில், எங்கள் ஊர் மலைக்கு அந்தப் பக்கம். அறிவியல் மட்டுமே படிக்கலாம், ஐந்து வருஷம். நுழைவுத்தேர்வு வருகிற ஞாயிற்றுக்கிழமை. விண்ணப்பம் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது.

திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். அதற்கும் மார்ச்சோடு சரி. மார்ச்சில் நான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் சொல்வார்கள்? சொல்லவேண்டியவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டுமே.

மே 22

பொறியியலுக்கு அப்பாவோடு உட்கார்ந்து விண்ணப்பித்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் வருவேன். சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதி எல்லாம் அரசே கட்டும். அப்பா இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

அவர் தூங்கின பிறகு அரசு கலைக் கல்லூரிக்கும் போட்டேன். பி.எஸ்சி. இயற்பியல். ஐம்பது ரூபாய். அம்மாவுக்குத் தெரியும்.

மே 25

ஐசர் தேர்வு இன்றைக்கு. அறுபது கேள்வி, மூன்று மணி நேரம். நான் ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கினேன்.

ஜூன் 9

திருநெல்வேலி போய் வந்தோம், அம்மாவும் நானும். ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியில் இயற்பியல் சீட் கிடைத்துவிட்டது. பெயரைக் கூப்பிட்டபோது அம்மா எனக்கு முன்னால் எழுந்துவிட்டாள்.

மேசையில் இருந்தவர் ஒரிஜினல் டி.சி. கேட்டார். எனக்குக் கை வரவில்லை. மதிப்பெண் பட்டியலுக்கு நகல் எடுக்கலாம், ஆதாருக்கு எடுக்கலாம். டி.சி. ஒன்றுதான். பொறியியல் கலந்தாய்வு ஜூலையில். இங்கே கொடுத்துவிட்டு அங்கே என்ன செய்வது? அம்மா கேட்டாள்: "சார், வேற கெடச்சா திருப்பித் தருவீங்களா?" அவர் நிமிரவே இல்லை. "எழுதிக் குடுத்தா தருவோம்மா. அடுத்தவங்க."

அம்மா என் கையிலிருந்து வாங்கி நீட்டிவிட்டாள். பஸ்ஸில் சங்கரன்கோவில் வரும்வரை அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஜூன் 10

அப்பாவுக்குச் சொன்னோம். "சரி" என்றார். இந்தச் "சரி" எனக்குப் பழக்கமில்லாதது.

ஜூன் 11

பொறியியலுக்கு ரேண்டம் எண் வந்திருக்கிறது. பத்து இலக்கம். மதிப்பெண்ணும் பிறந்த தேதியும் எல்லாமே இன்னொருவரோடு ஒத்துப்போனால்தான் இதைப் பார்ப்பார்களாம். அப்படி ஒருத்தி எங்கேயாவது இருப்பாளா?

ஜூன் 20

கண்டுபிடித்துவிட்டேன்!

காற்று ஜன்னலை அடித்துக்கொண்டே இருந்தது, தூக்கம் வரவில்லை. ரெகார்டு நோட்டை எடுத்தேன். இடப்பக்கம், வலப்பக்கம், இரண்டுக்கும் நடுவில் உள்ளதைப் பாதியாக்கி 19 டிகிரி 20. நேர்க்கதிரின் அளவையும் ஓரத்தில் பென்சிலில் குறித்து வைத்திருக்கிறேன், யாரும் கேட்காமலே. அதிலிருந்து தனித்தனியாகக் கழித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் 18 டிகிரி 52. மறுபக்கம் 19 டிகிரி 48. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும். வித்தியாசம் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம்தான் குறைச்சல்! ஒளியைப் பிரிக்கும் கீற்றணிக் கண்ணாடி ஒளிக்கு நேராக நிற்கவே இல்லை. மேடையை 45 டிகிரி திருப்பிப் பூட்டும்போதே ஏழெட்டு டிகிரி பிசகியிருக்கிறது. என் கண்ணில் தப்பில்லை, வெர்னியரில் தப்பில்லை. பச்சை அதன் இடத்தில் சரியாகத்தான் இருந்திருக்கிறது. நான் கோணலாக நிற்க வைத்துக் கேட்டிருக்கிறேன்.

இரண்டு மணி. யாரை எழுப்பிச் சொல்வது?

ஜூன் 27

பொறியியல் ரேங்க் வந்துவிட்டது. அப்பா மண்டிக் கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

ஜூன் 30

முதல் நாள். ஐந்தரை பஸ். வகுப்பில் பாதிப் பேர் "ஜூலைல போயிருவேன்" என்கிறார்கள்.

ஜூலை 5

அப்பா இன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். கோபமெல்லாம் இல்லை, கணக்குப் போட்டார். "மூணு வருசம். அப்புறம் எம்.எஸ்சி. ரெண்டு. பி.எட். ரெண்டு. நான் அதுவரைக்கும் மூட்டை எண்ணணும் தாயி." நான் "மாசம் ஆயிரம் ரூபா புதுமைப் பெண் திட்டத்துல வரும்" என்றேன். சொன்னவுடனே அசிங்கமாக இருந்தது. அவர் பேசியது ஆயிரம் ரூபாயைப் பற்றியா?

அவர் சொல்வதில் ஒன்றையும் என்னால் தப்பு என்று சொல்ல முடியவில்லை. அதுதான் எரிச்சல்.

ஜூலை 8

இடது 18:52. வலது 19:48.

ஜூலை 14

விருப்பப் பட்டியல் திறந்துவிட்டது. நான் முதல் சுற்றிலேயே வருகிறேன். எதிர்வீட்டு அக்கா ஈ.சி.இ. போடு, அதிலும் இயற்பியல்தான் என்கிறாள். ஆய்வகத்தில் மெர்க்குரி விளக்கு இருக்குமா என்று கேட்டேன். சிரித்தாள்.

ஜூலை 15

நாளை மாலைக்குள் பட்டியலைப் பூட்டவேண்டும். அப்பா இருபத்து மூன்று கல்லூரிகளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி இரண்டாவது. ஒன்றாம் எண்ணுக்கு எதிரே ஒன்றும் இல்லை. கேட்டதற்கு, பேனா மக்கர் பண்ணிவிட்டது என்றார். இரண்டாவதிலிருந்து அதே பேனாதான்.

டி.சி. கேட்டுக் கடிதம் எழுதிவிட்டேன். தேதி மட்டும் போடவில்லை. ரெகார்டு நோட்டுக்குள் இருக்கிறது. காலையில் ஐந்தரை பஸ்.