எட்டு ஸ்குரூ

லேப்டாப்பைத் திருப்பியபோதுதான் கண்ணில் பட்டது. அடிப்பக்கத்தில் பத்து ஓட்டை, எட்டு ஸ்குரூ. ரப்பர் கால்களிலும் ஒன்று குறைகிறது.

வாரண்டியில் கீபோர்டு மாற்றக் கொடுத்து இன்று காலைதான் வாங்கி வந்தேன்.

காலியான மூலையை விரலால் அழுத்தினேன். ‘டிக்’ என்று உள்ளே போகிறது, விட்டால் மேலே எழும்புகிறது. நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி.

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தால், "ரெண்டு ஸ்குரூதானே சார், வெளியில வாங்கிப் போட்டுக்கோங்க" என்கிறார்கள்.

சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்தான். ஆனால் எல்லாம் ஒரே நீளமில்லை. கொஞ்சம் நீளமானதை முடுக்கினால் உள்ளே மதர்போர்டைக் குத்திவிடும். அதைவிட, கழன்ற அந்த இரண்டும் உள்ளேயே உருண்டுகொண்டிருந்தால்? போர்டில் பட்டு ஷார்ட் ஆகலாம். ஆன் செய்யவே கை வரவில்லை.

நல்லவேளை, கொடுப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்திருந்தேன். அதில் பத்தும் இருக்கிறது. அதையும் இப்போது எடுத்த படத்தையும் ஜாப் ஷீட் எண்ணோடு மெயில் அனுப்பியாகிவிட்டது. பதில் வராவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பழுது பார்த்த பெரியவர் நினைவுக்கு வந்தார். கழற்றும் ஒவ்வொன்றையும் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் போடுவார், பொடி ஸ்குரூ விழும் சத்தம்கூடக் கேட்கும். மூடி முடித்ததும் கிண்ணத்தை நம் பக்கம் சாய்த்துக் காட்டுவார்.

அப்புறம்தான் காசு வாங்குவார்.